கோடு போட்டு அடித்த ஒரு அளவீடு: இறுதியாண்டு மாணவி வேலை தேடிய விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் இளங்கலை வேதியியல் இறுதியாண்டு மாணவி. படிப்பு முடிய ஐந்து மாதம் இருக்கும்போது எங்கள் வேலை வழிகாட்டுக் குழுவிடம் வந்தார். மதிப்பெண் வகுப்பின் நடுப்பகுதி. இன்டர்ன்ஷிப் எதுவும் செய்ததில்லை. நால்வர் சேர்ந்து செய்த ஒரு பிராஜெக்ட் மட்டும் கையில் இருந்தது: பாராசிட்டமால் மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யூ.வி. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், அதாவது கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவியில், அளந்து பார்ப்பது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம். எண்கள் அவரே வைத்திருந்த பட்டியலிலிருந்தும் எங்கள் சந்திப்புக் குறிப்புகளிலிருந்தும் எடுத்தவை.

வருவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் 41 இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். 38 இடங்களிலிருந்து எந்தப் பதிலும் இல்லை. இரண்டு இடம் "இப்போது பொருந்தவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பின. ஒரு இடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். அந்தப் பேச்சு ஆறு நிமிடத்தில் முடிந்துபோனது. 41 விண்ணப்பங்களும் ஒரே ரெஸ்யூமேதான். அவற்றில் மருந்து ஆய்வகம், உணவுப் பரிசோதனை ஆய்வகம், தரவுப் பதிவு வேலை, விற்பனைப் பிரதிநிதி வேலை எல்லாம் கலந்திருந்தன.

என்ன வேலை வேண்டும் என்று கேட்டபோது "எதுவானாலும் சரி" என்றார். இறுதியாண்டு மாணவர்களிடம் நாங்கள் அதிகம் கேட்கும் பதில் இதுதான். அவர்களுக்கு அதிக இழப்பைத் தருவதும் இதுதான். எதற்கும் தயார் என்பவரை எந்த வேலைக்குக் கூப்பிடுவது என்று ஆள் தேடுபவருக்குத் தெரியாது. இரண்டாவது சந்திப்பில், நிறுவனப் பெயர்களை மறைத்து 20 வேலை விளம்பரங்களை முன்னால் வைத்து, நாளைக்கே போகச் சொன்னால் மனம் வந்து போகக்கூடியவற்றை மட்டும் எடுக்கச் சொன்னோம். எட்டை எடுத்தார். எட்டும் தரக் கட்டுப்பாட்டு ஆய்வக வேலைகள். அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, சொல்லத்தான் தயங்கியிருக்கிறார்.

கவனித்தவை

முதலில் ரெஸ்யூமேயைச் சோதித்தோம். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்து நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டினோம். இரண்டு நிமிட வேலை; செலவில்லை; ஆனாலும் மாணவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. வந்து விழுந்தது குழப்பமான எழுத்துக் குவியல். பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார வடிவம் என்பதால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் மாறி மாறி ஒட்டிக்கொண்டன. பிராஜெக்ட் தலைப்பின் நடுவே "பொழுதுபோக்கு: இசை" என்று வந்தது. தொலைபேசி எண் படமாகப் பதிந்திருந்ததால் வரவே இல்லை. பல நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை மென்பொருளில் ஏற்றி, பிறகு சொல் கொடுத்துத் தேடி எடுக்கின்றன. மென்பொருளே ஆளை நிராகரிக்கிறது என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். இந்த நிலையில் நடப்பது அதைவிடச் சாதாரணமானது: எழுத்து சிதறிப்போனால் தேடலில் பெயர் வராது, அவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஆறு நிமிடத் தொலைபேசிப் பேச்சு. ரெஸ்யூமேயில் திறன்களுக்குப் பட்டை வரைந்து, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்கு 80 சதவீதம் நிரப்பியிருந்தார். அழைத்தவர் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி: "எந்த காலம் பயன்படுத்தினீர்கள், மொபைல் ஃபேஸ் என்ன?" காலம் (column) என்பது பொருள்களைப் பிரிக்கும் குழாய், மொபைல் ஃபேஸ் அதன் வழியே ஓடும் திரவம். அவர் அந்தக் கருவியை ஒரு செயல்விளக்கத்தில் பார்த்தது மட்டுமே, தொட்டதில்லை. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்தவற்றுக்கும்கூட, குரல் தடுமாறியது என்று அவரே சொன்னார். 80 சதவீதம் என்பது எதில் 80 என்று யாருக்கும் தெரியாது. ஆனால் படிப்பவர் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார், சோதித்தும் பார்ப்பார்.

மூன்றாவதாக, அதே 20 விளம்பரங்களில் இருந்த சொற்களை எண்ணினோம். 17 விளம்பரங்கள் பதிவு எழுதுவதை, ஆவணப்படுத்துவதைக் கேட்டன. 14 விளம்பரங்களில் செயல்முறை ஆவணம், அதாவது எஸ்.ஓ.பி., வந்தது. எச்.பி.எல்.சி. 11-ல்தான் இருந்தது. ஒன்பது விளம்பரங்கள் ஷிஃப்ட் முறையைக் குறிப்பிட்டன. மாணவியின் இரண்டு பக்க ரெஸ்யூமேயில் பதிவு எழுதுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. "கடின உழைப்பாளி", "விரைவாகக் கற்பவர்", "குழுவாகச் செயல்படுபவர்" மூன்றும் இருந்தன. விளம்பரம் அதிகம் கேட்டது ஒன்று, இவர் அதிகம் சொன்னது வேறொன்று.

நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம்

பிராஜெக்டைப் பார்க்க வேண்டும் என்றதும் பைண்டு செய்த அறிக்கையைக் கொண்டுவந்தார். நாங்கள் கேட்டது அளக்கும்போது எழுதிய நோட்டை. அதைக் கொண்டுவரத் தயங்கினார். அதில் "தப்பு" இருக்கிறதாம்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இது. 20 மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்து, தேவையான எடையை மெத்தனாலில் கரைத்து, நீர்த்து, 243 நானோமீட்டரில் அளந்திருக்கிறார். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் வர வேண்டிய கரைசலுக்கு அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சும் அளவு, 0.739 வந்தது. கணக்குப் போட்டால் லேபிளில் உள்ளதைப்போல ஏறக்குறைய 111 சதவீதம் மருந்து. நம்பக்கூடிய எண் இல்லை. அவர் உடனே 340 நானோமீட்டரில் அளந்து பார்த்திருக்கிறார். பாராசிட்டமால் அங்கே ஒளியை உறிஞ்சாது, எனவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தது 0.05. அப்படியானால் கரைசலில் கரையாத துகள் இருக்கிறது. மாத்திரையில் மருந்தோடு சேர்க்கும் மாவுப் பொருள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நோட்டில் "வடிகட்டியது போதாது, முதல் 5 மி.லி.யை ஒதுக்கவில்லை" என்று எழுதி, மறுபடி வடிகட்டி, முதல் 5 மி.லி.யைக் கொட்டிவிட்டு மீண்டும் அளந்திருக்கிறார். இந்தமுறை 0.659. லேபிள் அளவில் 98.6 சதவீதம்.

பழைய 0.739-ஐ ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தார். அடியில் இருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் காரணம், சுருக்கக் கையெழுத்து, தேதி. ஒயிட்னர் போட்டு அழிக்கவில்லை, பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஆய்வக உதவியாளர் முதலாமாண்டில் சொல்லிக்கொடுத்த பழக்கமாம்.

மருந்து ஆய்வகங்களில் இதற்கு அல்கோவா என்று பெயரே உண்டு. யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், வேலை நடக்கும்போதே எழுத வேண்டும், முதல் பதிவே நிற்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். 17 விளம்பரங்கள் கேட்டது இதைத்தான். அவர் ஒளித்து வைத்திருந்த பக்கமே அவரிடம் இருந்த மிகச் சிறந்த சான்று. பைண்டு அறிக்கையில் இந்தப் பிழை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே எல்லாம் முதல்முறையே சரியாக வந்ததுபோல் இருந்தது. அந்த அறிக்கையைப் படிக்கும் எந்த ஆய்வகத் தலைவருக்கும் இவரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*ஒரே வகை வேலை.* அடுத்த ஒன்பது வாரத்துக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். வாரத்துக்கு இரண்டு விண்ணப்பத்துக்கு மேல் இல்லை. மாணவிக்கு இதில் பயம் இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் வாய்ப்பும் குறையும் என்பது இயல்பான எண்ணம். ஒன்பது வாரம் முடிந்தும் அழைப்பு வரவில்லை என்றால் வட்டத்தை விரிக்கலாம் என்று ஒரு தேதியையும் குறித்தோம். முடிவு தேதி இல்லாமல் "பொறுமையாக இரு" என்று சொல்வது ஆலோசனை ஆகாது.

*ரெஸ்யூமே.* ஒரே பக்கம், ஒரே பத்தி, படமோ பட்டையோ கிடையாது. பெயருக்கு அடியில் தொலைபேசி, மின்னஞ்சல், படிப்பு முடியும் மாதம், வேலையில் சேரக்கூடிய தேதி. கடைசி இரண்டும் பழைய ரெஸ்யூமேயில் இல்லை. இறுதியாண்டு மாணவருக்கு இது முக்கியம்: சேரும் தேதி இல்லாவிட்டால் ஏற்கனவே முடித்தவரா, இன்னும் ஓராண்டு இருப்பவரா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து பிராஜெக்ட், அதற்குப் பிறகு திறன்கள், கடைசியில் கல்வி. திறன்களை மூன்று வரியாகப் பிரித்தோம்: தானே செய்தவை, உடன் நின்று பார்த்தவை, படித்தவை. எச்.பி.எல்.சி. இரண்டாவது வரிக்குப் போனது. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், தரம் பார்த்தல் (டைட்ரேஷன்), பி.எச். மீட்டர் சரிபார்ப்பு, கரைசல் தயாரிப்பு முதல் வரியில் வந்தன.

பழைய ரெஸ்யூமேயில் பிராஜெக்ட் வரி இப்படி இருந்தது: "பாராசிட்டமால் மாத்திரை பற்றிய பிராஜெக்டை வெற்றிகரமாக முடித்தோம்." புதியது: "பாராசிட்டமால் மாத்திரையின் மருந்தளவை யூ.வி. முறையில் அளந்தேன். மி.லி.க்கு 2 முதல் 12 மைக்ரோகிராம் வரை 6 செறிவுகளில் அளவீட்டுக் கோடு. ஒரே மாதிரியை 6 முறை அளந்ததில் ஒப்பு விலகல் 0.9 சதவீதம். வடிகட்டல் பிழையைக் கண்டறிந்து, பதிவு செய்து, திருத்தினேன். கரைசல் தயாரிப்பும் அளவீடும் என் பொறுப்பு. புள்ளியியல் கணக்கு சக மாணவருடையது."

கடைசி வாக்கியத்தைச் சேர்க்க மாணவிக்கு மனமில்லை, தன் பங்கு குறைந்து தெரியும் என்று. நாங்கள் வற்புறுத்தினோம். நால்வர் குழுவில் நால்வரும் எல்லாவற்றையும் செய்ததாக எழுதுவது வழக்கம். நேர்முகத்தில் அது முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். தன் பங்கு எங்கே முடிகிறது என்று சொல்பவரின் மற்ற வரிகளுக்கும் நம்பிக்கை கூடுகிறது.

*ஒரு பக்கச் சுருக்கம்.* இதற்கே அதிக நேரம் செலவிட்டோம். பிராஜெக்டை, வேலை கொடுப்பவர்கள் தினமும் கையாளும் வடிவத்தில், அளக்கும் முறை நம்பத்தக்கதா என்று காட்டும் சரிபார்ப்புச் சுருக்கமாக எழுத வைத்தோம். மருந்துத் தர விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.ஹெச். அமைப்பின் க்யூ2 வழிகாட்டி, நேர்கோட்டுத் தன்மையைக் காட்டக் குறைந்தது 5 செறிவுகளையும், மறு அளவீட்டு ஒற்றுமைக்கு சோதனைக்குரிய 100 சதவீதச் செறிவில் என்றால் குறைந்தது 6 அளவீடுகளையும் கேட்கிறது. மாணவியிடம் இரண்டும் இருந்தன, அறிக்கையில் தனித்தனி அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தன. கண்டறியும் எல்லையை, அதாவது எவ்வளவு குறைந்த மருந்துவரை இந்த முறை காட்டும் என்பதை, அவர் கணக்கிட்டதே இல்லை. விலகலை 3.3-ஆல் பெருக்கி, கோட்டின் சாய்வால் வகுக்கும் கணக்கு; இருந்த தரவிலேயே அரை மணி நேரத்தில் போட்டார்.

பக்கத்தின் வரிசை: நோக்கம் ஒரு வாக்கியம். முறை நான்கு வரி. முடிவுகளுக்கு ஒரு சிறு அட்டவணை. அதன் கீழே "நேர்ந்த பிழையும் திருத்தமும்" என்ற தலைப்பில் வடிகட்டல் விஷயம் ஐந்து வரி, நோட்டுப் பக்கத்தின் அந்தப் பகுதி மட்டும் ஒரு சிறு படம். கடைசியில் "இந்த அளவீடு எதைக் காட்டாது": மருந்து சிதைந்து உண்டாகும் பொருள்களும் அதே அலைநீளத்தில் உறிஞ்சக்கூடும், இந்த முறை அவற்றைப் பிரித்துக் காட்டாது என்று இரண்டு வரி. நோட்டு கல்லூரியின் உடைமை என்பதால், படத்தைச் சேர்க்கும் முன் பிராஜெக்ட் வழிகாட்டி ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். இந்த அனுமதியை மறப்பவர்கள் பலர். ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்; அங்குள்ள தரவை வெளியே காட்டுவதே வேலையைக் கெடுத்துவிடும்.

*ஆட்களை அணுகுவது.* சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான், மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர்கள் வழியாகப் பெற்றார்கள். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும் என்பது காரணம். மாணவியின் முதல் பட்டியலில் வகுப்புத் தோழர்கள்தான் இருந்தார்கள். அதை அடித்துவிட்டு 18 பேர் கொண்ட புதிய பட்டியல் போட்டோம்: அதே துறையில் ஒன்று முதல் நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் 11 பேர், ஆசிரியர்களின் பழைய மாணவர்கள் 4 பேர், ரசாயனம் விற்கும் நிறுவனப் பிரதிநிதிகள் 2 பேர், கல்லூரி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரைப் பழுதுபார்க்க வரும் சர்வீஸ் பொறியாளர் ஒருவர். கடைசிப் பெயரைச் சொன்னது மாணவியே. அந்தப் பொறியாளர் எத்தனையோ ஆய்வகங்களுக்குப் போகிறவர். எங்கே ஆள் குறைவாக இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறவர்.

அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் மேடம். நம் கல்லூரி வேதியியல் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்கள் பணிபுரிவது போன்ற ஆய்வகத்தில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குத் தயாராகி வருகிறேன். முதல் ஆறு மாதத்தில் புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ உங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் பேச முடியுமா? நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை மேடம்."

வேலை கேட்கவில்லை, ரெஸ்யூமே இணைக்கவில்லை. "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்றால் "இல்லை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். மேலே உள்ள கேள்விக்கு அவர்களிடம் கட்டாயம் பதில் இருக்கும். லிங்க்ட்இன் பக்கத்தில் அதிகம் செய்யவில்லை: தலைப்பு வரியில் "வேலை தேடுகிறேன்" என்றிருந்ததை, செய்யத் தெரிந்த வேலையும் சேரும் மாதமும் தெரியும்படி மாற்றினார், ஒரு பக்கச் சுருக்கத்தை அங்கே ஏற்றினார்.

இடையில் தவறியவை

இரண்டாம் வாரத்தில் ஒரு ஆய்வகத் தலைவருக்கு ஆர்வத்தில் நோட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார். கோப்பு 14 எம்.பி. பதில் வரவில்லை, போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு கோப்புகள் மட்டும், சேர்த்து 1 எம்.பி.க்குள், என்று வைத்துக்கொண்டோம். கோப்புப் பெயரில் மாணவியின் பெயரும் வேலையின் பெயரும் இருக்கும். முன்பு அது "புதியது கடைசி 3" என்று இருந்தது.

நான்காம் வாரத்தில் ஒரு விண்ணப்பக் கடிதத்தில் முந்தைய நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. நகலெடுத்து ஒட்டும்போது வரும் பிழை. பதிவில் கவனமானவர் என்று சொல்லிக்கொள்ளும் கடிதத்திலேயே அது வந்ததுதான் வேதனை. பட்டியலில் ஏழு பத்திகள் போட்டோம்: நிறுவனம், வேலை, விளம்பரம் பார்த்த இடம், அனுப்பிய நாள், அனுப்பிய கோப்பின் பெயர், நினைவூட்டிய நாள், பதில். அனுப்பும் முன் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பது கட்டாயமானது. நினைவூட்டல் ஏழு வேலை நாள் கழித்து ஒருமுறை, அதோடு சரி.

ஐந்தாம் வாரத்தில் பெரிய இழப்பு. ஒரு நல்ல ஆய்வகத்தின் செய்முறைத் தேர்வு, பருவ இறுதிச் செய்முறைத் தேர்வு நாளிலேயே வந்தது. "வர இயலாது, மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டார். வேறு தேதி கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்டால் திமிராக நினைப்பார்களோ என்று பயம். எங்களிடமும் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். தேர்வு அட்டவணையை இணைத்து இரண்டு மாற்றுத் தேதிகளைக் கொடுத்திருந்தால் யாரும் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லித்தராதது எங்கள் தவறு.

பேச்சுகளிலிருந்து கிடைத்தது

18 பேரில் ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். ஆறு பேர் பேசினார்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: புதியவர்கள் எண் தவறாக வந்தால் சொல்லாமல் மறுபடி அளந்து, நல்ல எண்ணை மட்டும் எழுதுகிறார்கள்; தணிக்கையில் அது பெரிய குற்றமாகிறது. சுருக்கத்தைப் படித்த ஒரு மூத்த மாணவி, பிழை பற்றிய பகுதியை அட்டவணைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். மாற்றினோம். ஷிஃப்ட் வேலைக்கு ஒப்புதலா இல்லையா என்பதை ரெஸ்யூமேயிலேயே எழுதச் சொன்னதும் அவர்தான்.

சர்வீஸ் பொறியாளரோடு பேசியது எட்டு நிமிடம்தான். ஒரு சிறிய பரிசோதனை ஆய்வகத்தில் இரண்டு பேர் விலகியிருக்கிறார்கள், இன்னும் விளம்பரம் கொடுக்கவில்லை என்றார். ஆய்வகத் தலைவரின் அலுவலக மின்னஞ்சலையும், அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு, கொடுத்தார்.

நேர்முகமும் செய்முறைத் தேர்வும்

நான்கு முறை ஒத்திகை நடத்தினோம். முதல் ஒத்திகையில் "ஒரு பிழையை எப்படிக் கையாண்டீர்கள்?" என்ற கேள்விக்கு நான்கு நிமிடம் பேசினார்; அதில் மூன்று நிமிடம் பிராஜெக்ட் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற பின்னணி. நிலைமை, பணி, செய்தது, விளைவு என்ற வரிசையைப் படித்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: நிலைமையிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. நிலைமைக்கு இரண்டு வாக்கியம் என்று கட்டினோம். கடைசி ஒத்திகையில் 90 நொடியில் சொன்னார், 340 நானோமீட்டர் உட்பட.

அந்தச் சிறிய ஆய்வகம் நேரில் அழைத்தது. 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) மூலக் கரைசலிலிருந்து 10 பி.பி.எம். கரைசல் 100 மி.லி. தயாரிக்கச் சொன்னார்கள். கணக்கு எளிது: 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஃபிளாஸ்கில் நிரப்புவது. அவர்கள் பார்த்தது கையை. பிப்பெட்டை மூலப் புட்டிக்குள் நேராக விட்டால் புட்டி முழுவதும் கெடக்கூடும். மாணவி கொஞ்சத்தைச் சிறு பீக்கரில் ஊற்றி அதிலிருந்து எடுத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் டிராப்பருக்கு மாறி, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிரப்பினார். முடித்ததும் கேட்காமலே ஃபிளாஸ்கில் பெயர், செறிவு, தேதி, கையெழுத்து எழுதி ஒட்டினார்.

எச்.பி.எல்.சி. பற்றிக் கேட்டபோது "உடன் நின்று பார்த்திருக்கிறேன் சார், நானாக இன்ஜெக்ட் செய்ததில்லை" என்றார். அடுத்த கேள்வி அவர் பார்த்தது பற்றியே வந்தது. பதில் சொல்ல முடிந்தது. இரண்டு நாளில் ஆய்வகத் தலைவர் வழிகாட்டி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆசிரியரிடம் சுருக்கத்தின் பிரதி ஏற்கனவே இருந்தது, எந்த வேலைக்கு என்பதும் தெரியும். பரிந்துரைப்பவரிடம் முன்னதாகச் சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்திருந்தால் "நல்ல மாணவி" என்பதோடு அந்த அழைப்பு முடிந்திருக்கும்.

விளைவு

ஒன்பது வாரத்தில் 16 விண்ணப்பங்கள். ஆறு அழைப்புகள், அவற்றில் இரண்டு செய்முறைத் தேர்வுவரை சென்றன. ஒன்று மேலே சொன்னபடி தேதி மோதலில் கைவிட்டுப் போனது. இறுதியில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று பெரிய நிறுவனத்தில் ஆவணப் பிரிவு, நிரந்தரம், சம்பளமும் அதிகம். மற்றது அந்தச் சிறிய ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சிப் பணி, மூன்றாம் மாதத்திலிருந்து எச்.பி.எல்.சி. பயிற்சி உண்டு. வாய்வார்த்தையாகச் சொன்ன அந்தப் பயிற்சியை நியமனக் கடிதத்தில் எழுதித் தரக் கேட்கச் சொன்னோம், எழுதித் தந்தார்கள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஆறு மாதம் முடிந்ததும் பணி உறுதியானது.

எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று இந்த ஒரு நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ரெஸ்யூமே, சுருக்கம், பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறின. படிப்பு முடியும் தேதி நெருங்க நெருங்க அழைப்பு வருவதும் இயல்பாகவே கூடும். ஆனால் ஆறு அழைப்புகளில் நான்கில் முதல் கேள்வி வடிகட்டல் பிழையைப் பற்றியது என்று மாணவி குறித்து வைத்திருக்கிறார்.

இனி மாற்றிச் செய்வது

நோட்டை முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். இந்த மாணவியிடம் மூன்றாவது சந்திப்பில்தான் கேட்டோம். இரண்டு வாரம் வீணானது. பிராஜெக்ட் தொடங்கும் பருவத்திலேயே, தவறிய அளவீட்டின் காரணத்தை அன்றன்றே எழுதிவைக்கச் சொல்லி இளைய மாணவர்களுக்கும் ஒரு மணி நேர வகுப்பு வைத்திருக்கிறோம். நோட்டில் காரணம் எழுதாதவருக்குப் பிறகு எந்தச் சுருக்கமும் எழுத முடியாது.

தேதி மோதினால் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலின் மாதிரியை முன்பே கொடுத்துவிடுகிறோம். ஷிஃப்ட், சேரும் தேதி இரண்டையும் ரெஸ்யூமேயின் முதல் வடிவத்திலேயே சேர்க்கிறோம்.

பட்டியலில் எட்டாவது பத்தி ஒன்றும் சேர்ந்திருக்கிறது: உதவியவருக்கு முடிவைத் தெரிவித்த நாள். வேலை கிடைத்த மகிழ்ச்சியிலும் தேர்வு அவசரத்திலும் பேசிய ஆறு பேரில் மூன்று பேருக்கு மாணவி எதுவும் சொல்லவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை. வழி காட்டிய சர்வீஸ் பொறியாளருக்கு அவர் சேர்ந்த செய்தி தெரிந்தது, இரண்டு மாதம் கழித்து அந்த ஆய்வகத்தின் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் விளக்கு மாற்றப் போய், பதிவேட்டில் அவருடைய கையெழுத்தைப் பார்த்தபோதுதான்.